மாப்பிள்ளை வேட்டி பச்சையான கதை

போன மாதம் எங்கள் பழைய கடையில் நிறம் அளக்கும் புதிய மேசை ஒன்று வந்து இறங்கியது. அதை எனக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று மதுரா வீடியோவில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் கதிரையில் வந்து உட்கார்ந்தவள் அவள். நிறக் கட்டங்கள் அச்சிட்ட தாள் ஒன்றை மேசையில் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினாள். சின்னக் கை ஒன்று ஊர்ந்து ஊர்ந்து கட்டங்களைத் தானாகவே படித்தது. அதற்குள் அவள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தும் முடித்துவிட்டாள்.

"அன்ரி, இதை நீங்கள் கையாலயா செய்தனீங்கள்? சீரியஸ்லி?"

"கையாலயும் செய்தம், கண்ணாலயும் செய்தம்."

"கண் எதுக்கு அன்ரி? மெஷின்தானே ரீட் பண்ணுது."

கண் எதுக்கு என்று கேட்டுவிட்டாள். அதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க ஒரு கிழமை, ஏழு நாளும் பிடிக்கும். பரவாயில்லை, அவளுடைய அம்மா வாசித்துச் சொல்லட்டும்.

நான் மட்டக்களப்புக்காரி. ரொறன்ரோவுக்கு வந்து முதல் இரண்டு வருடம் பிஸ்கட் பெட்டி அடைத்தேன். பிறகு ஸ்கார்பரோ வோபர்னில் இருந்த ஒரு படக்கடையில் அச்சான படங்களை உறையில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரர் குலசிங்கம், யாழ்ப்பாணத்தவர். கடையில் எல்லோருக்கும் அவர் குலம் அண்ணை. எங்கள் ஊரில் அண்ணன் என்போம். நான் இரண்டு நாள் அண்ணன் என்று பார்த்தேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் நானும் அண்ணைக்கு மாறிவிட்டேன்.

ஒருநாள் ஒரு கல்யாணப் படத்தை உறையில் போடும்போது என்னை அறியாமல் வாய்விட்டுச் சொன்னேன்: "இந்தக் கூறைச் சீலை அவிச்ச பீற்றூட் மாதிரியெல்லோ கிடக்கு."

பின்னால் குலம் அண்ணை நின்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் படத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். என்னைப் பார்த்தார்.

"ராணி, நீர் சொல்லும். என்ன தெரியுது?"

"நீலம் கூடிப்போச்சு அண்ணை. சிவப்புக்குள்ள நீலம் ஏறிக் கிடக்கு."

அவர் உள்ளே போய் ஒரு நீளப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் சட்டைப் பொத்தான் அளவில் எண்பதுக்கு மேற்பட்ட வட்டங்கள், ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதைவிட ஒரு மயிரிழை நிறம் மாறியது. "உதுகளை ஒழுங்கா அடுக்கும்" என்று கொட்டிவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் அடுக்கினேன். திரும்பி வந்தவர் பெட்டியை அப்படியே கவிழ்த்து, வட்டங்களின் அடியில் எழுதியிருந்த இலக்கங்களை மட்டும் வாசித்தார். ஒன்றுகூடப் பிழையில்லை. அடுத்த நாள் என்னை அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருத்தினார். மேல்பக்கத்தைப் பார்க்கவே தேவையில்லாத பெரிய விண்ணர், கெட்டிக்காரர் என்று அன்றைக்கு நான் வியந்தேன்.

அடுத்த மூன்று வருடத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். பிழைவிட்டேன், திரும்ப அச்சிட்டேன், பழகினேன்.

குலம் அண்ணையைப் பற்றித்தான் ஆற அமரச் சொல்லவேண்டும். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை, வருடம் முழுக்க இதேதான். கோபம் வராது, குரல் உயராது. ஒரு படத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கண்ணாடி கழலும், துடைபடும், ஏறும். பிறகு "என்ன தெரியுது?" என்பார். நாங்கள் ஏதாவது சொன்னால் ஒரு "ம்…" வரும். அந்த "ம்…" சரியென்றதா பிழையென்றதா என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே திரும்பப் போய், திரும்பப் பார்த்து, இன்னும் கொஞ்சம் திருத்திக்கொண்டு வருவோம். தன் வாயால் ஒரு நிறத்தின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆளுக்கு எல்லாம் தெரியும், எங்களைச் சோதிக்கிறார்" என்பதுதான் கடையில் எல்லோருடைய முடிவும். அந்தச் சோதனைக்குப் பயந்தே எங்கள் கடைப் படங்கள் ஸ்கார்பரோவில் பேர் எடுத்தன.

பிறகு டிஜிட்டல் கமரா வந்தது. சனம் வீட்டுக்கு வீடு போட்டோ பிரிண்டர் வாங்கத் தொடங்கிற்று. எங்களிடம் படம் போட வந்தவர்கள் இப்போது முறைப்பாடு சொல்ல வந்தார்கள். "ஸ்கிறீனிலை பிள்ளை நல்லாத்தான் இருக்கிறாள், பேப்பரிலை கத்தரிக்காய் மாதிரி வாறாள்." கடை சரிகிறதே என்று நாங்கள் கலங்கி நிற்க, குலம் அண்ணை மட்டும் ஒரு அளக்கும் கருவியை வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும். தாளில் வைத்தால் அந்த இடத்தின் நிறத்தை இலக்கமாகச் சொல்லும். கூட்டல் என்றால் சிவப்புப் பக்கம், கழித்தல் என்றால் பச்சைப் பக்கம். அதைக் கையில் எடுத்த நாளில் அவர் முகத்தில் கண்ட சந்தோஷத்தை அவருடைய மகளின் கல்யாணத்தில்கூட நான் காணவில்லை.

அன்றிலிருந்து வீட்டுப் பிரிண்டர்களுக்குக் கலர் புரொபைல் செய்துகொடுப்பது எங்கள் தொழிலாயிற்று. புரொபைல் என்பது பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு பிரிண்டரும் பொய் சொல்லும். சிவப்பைப் போடு என்றால் தன் பாட்டுக்கு ஒரு சிவப்பைப் போடும். ஒவ்வொரு தாளிலும் அது வேறு வேறு பொய். எந்த நிறத்தில் எவ்வளவு பொய் சொல்கிறது என்று அளந்து எழுதிக் கணினியிடம் கொடுத்துவிட்டால், கணினி அதற்கேற்ப மாற்றிக் கட்டளையிடும். அந்தக் குறிப்புத்தான் புரொபைல்.

அதற்கு முதலில் வாடிக்கையாளர் நாங்கள் அனுப்பும் கட்டப் படத்தைத் தன் பிரிண்டரில், தன் தாளில், எந்த நிறத் திருத்தமும் இல்லாமல் அச்சிட்டு அனுப்பவேண்டும். இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்குள் எங்கள் சனம் செய்த கூத்தை எழுத ஒரு கொப்பி போதாது. ஒருவர் தாளை எட்டாக மடித்து அனுப்பினார். ஒருவர் பழுதாகாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறை ஒட்டி அனுப்பினார். மல்வேர்னில் ஒரு அன்ரி, "தொள்ளாயிரம் கட்டத்துக்கு எதுக்கு மை செலவழிப்பான்" என்று முதல் இரண்டு வரியை மட்டும் அச்சிட்டார். இன்னொருவர் அச்சிட்ட தாளைப் போனில் படமெடுத்து, அந்தப் படத்தை ஈமெயிலில் அனுப்பிவிட்டு, "இன்னும் ஏன் செய்து தரேல்லை?" என்று இரண்டு நாள் சண்டை பிடித்தார்.

ஒழுங்காக வந்த தாளை ஒருநாள் முழுக்கக் காயவிடுவேன். ஈரத்தில் அளந்தால் கறுப்பு வேறு இலக்கம் சொல்லும். பிறகு அதே வகைத் தாளில் நான்கைந்து வெறும் தாளை அடியில் விரிப்பேன், இல்லாவிட்டால் மேசையின் நிறமும் சேர்ந்து ஏறும். அடிமட்டக் கோலை வைத்து, கருவியை வரி வரியாக இழுப்பேன். வேகமாக இழுத்தால் கத்தும், நின்று நின்று இழுத்தாலும் கத்தும். நான் மனதுக்குள் ஒரு தாலாட்டைப் பாடிக்கொண்டு அந்தக் கதியில் இழுப்பேன். நடுவில் தும்மல் வந்தால் அந்த வரி திரும்ப. ஒரு தாள் முடிய என் தாலாட்டில் ஒரு ஊரே தூங்கிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கனகலிங்கம் அங்கிள் வந்தார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ரூஜில் வீடு. மகளுக்குக் கல்யாணம் முடித்திருந்தார். சம்பந்தி மொன்றியலில். "கல்யாணப் பட அல்பத்தை நாங்களே நல்ல இடத்திலை செய்விக்கிறம்" என்று சம்பந்தி சொல்ல, இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ரை பிள்ளையின்ரை அல்பத்தை நான் என்ரை வீட்டிலை, என்ரை கையாலை செய்வன்" என்று சபையில் சொல்லிவிட்டார். மூன்று கிழமையில் ரொறன்ரோவில் ஒரு விருந்து, சம்பந்தி வீட்டார் எல்லோரும் வருகிறார்கள், அல்பம் அங்கே இருக்கவேண்டும். பெரிய பிரிண்டர் ஒன்றையும் வாங்கிவிட்டார். எங்களிடம் புரொபைல் செய்துகொண்டு போனார்.

நாலாம் நாள் போன் வந்தது. "குலம் அண்ணை, மாப்பிள்ளையின்ரை வேட்டி பச்சை அடிக்குது."

குலம் அண்ணை தானே கருவியோடு ரூஜுக்குப் போனார். அங்கேயே ஒரு படத்தை அச்சிட்டு அளந்தார். இலக்கம் எல்லாம் அச்சொட்டாகச் சரி. மேசை விளக்கின் வெளிச்சம் நேரே தாளில் விழுந்து பளபளக்கிறது, அதனால்தான் ஏதோ தெரிகிறதாக்கும் என்று, விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் திரும்பவும் போன். கடை முழுக்கக் கேட்டது. "முந்தி மாப்பிள்ளை மட்டும்தான் பச்சை. இப்ப ஐயரும் பச்சை!"

குலம் அண்ணை திரும்பப் போனார். திரும்ப அளந்தார். திரும்பவும் சரி. அங்கே அச்சிட்ட படத்தைக் கடைக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கண்ணாடி, துடைப்பு, "என்ன தெரியுது?"

நான் பார்த்தேன். வேட்டி வெள்ளை. கூறை கூறைதான். ஐயர் நல்ல சுகமாக இருந்தார். "ஒரு பிழையும் இல்லையே அண்ணை" என்றேன். அவர் "ம்…" என்றார், ஆனால் இந்த முறை அந்த "ம்…" வழக்கம்போல இல்லை. கொஞ்சம் நடுங்கிற்று.

மூன்றாம் போன் வந்தபோது கனகலிங்கம் அங்கிளின் குரல் உடைந்திருந்தது. விருந்துக்கு ஒரு கிழமைதான். "இனி தமிழ் றேடியோவுக்குப் போன் எடுத்து உங்கடை கடையைப் பற்றிச் சொல்லுறதைத் தவிர எனக்கு வேறை வழியில்லை. உங்களுக்குக் கண் தெரியாதோ அண்ணை?"

குலம் அண்ணை போனை மெதுவாக வைத்தார். "ராணி, கோட்டைப் போடும். நீரும் வாரும்."

ரூஜில் வெயில் எறித்தது, நிலமெல்லாம் பனி. கனகலிங்கம் அங்கிளின் மனைவி மணி அக்கா கதவைத் திறந்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பிரிண்டர் பேஸ்மென்டில். அங்கிள் முன்னால், குலம் அண்ணை நடுவில், நான் கடைசியாகப் படியிறங்கினேன்.

இறங்கின நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நாலு சுவரும் கிளிப்பச்சை. வெறும் பச்சையில்லை, கிளியே பார்த்தால் வெட்கப்படும் பச்சை. ஒரு மூலைக்குள் பிரிண்டர், பக்கத்தில் கணினி, முன்னால் மேசை. மேசை விளக்கு, குலம் அண்ணை சொன்னபடியே, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. விளக்கின் வெளிச்சம் சுவரில் பட்டு, பச்சையை அள்ளிக்கொண்டுவந்து, மாப்பிள்ளையின் வேட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தது. கருவி தாளோடு ஒட்டி உட்கார்ந்து தன் விளக்கால் பார்ப்பது, அதற்கு எந்தச் சுவரும் தெரியாது. ஸ்கிறீனுக்கும் தன் வெளிச்சம் இருக்கிறது. பச்சையாவதற்கு அங்கே இருந்தது தாள் ஒன்றுதான்.

இரண்டு தரம் வந்த மனிதர் இதைச் சொல்லவில்லையா? எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, இன்றைக்கும் என்னைச் சோதிக்கத்தான் கூட்டிவந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

குலம் அண்ணை படத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராணி, என்ன தெரியுது?"

"சுவர் தெரியுது அண்ணை" என்றேன் பகிடியாக.

"சுவருக்கு என்ன?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சோதிக்கிறவரின் முகமில்லை அது. இரத்தப் பரிசோதனை முடிவுக்காக டொக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முகம். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறார். அந்தச் சுவர்களுக்கு நடுவில் நிற்கிறார், அவருக்குச் சுவர் தெரியவில்லை.

"ஓம், சுவருக்கு என்ன?" என்று கனகலிங்கம் அங்கிளும் கேட்டார்.

நான் படத்தை வாங்கிக்கொண்டு படியேறினேன். இருவரும் பின்னால் வந்தார்கள், மேலே நின்ற மணி அக்காவும் சேர்ந்துகொண்டார். வாசல் கதவைத் திறந்து, பனியில் பட்டு வந்த பகல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்தேன். வேட்டி வெள்ளை. கூறை, அதன் கரை, மகளின் முகம், எல்லாம் உள்ளபடி.

"அட!" என்றார் அங்கிள். படத்தை வாங்கிக் கீழே ஓடினார். மேலே ஓடிவந்தார். திரும்பக் கீழே ஓடினார். அந்த வயதில் அந்தப் படிகளில் அவர் அப்படி ஓடியிருக்கக்கூடாது. மூச்சு வாங்கி நின்றபோது கேள்வி பிறந்துவிட்டது.

"சுவர்தான் காரணமோ? அப்ப ரெண்டு தரம் வந்து பாத்த மனிசன் இதை ஏன் சொல்லேல்லை?"

மூவரும் குலம் அண்ணையைப் பார்த்தோம். அவர் வாயைத் திறக்கப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். ஏன் முந்தினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

"ஒரு வீட்டில வீட்டுக்காரர் ஆசையாக் கலர் அடிச்ச சுவரை, வந்த முதல் நாளே பிழையெண்டு சொல்ல ஏலுமா அங்கிள்? அண்ணை அப்பிடி வாய்விட்டுச் சொல்லுற ஆளில்லை. அதுக்குத்தான் ஒரு பொம்பிளையாப் பாத்து என்னைக் கூட்டிவந்தவர்."

மணி அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தக் கலர் நான் தெரிவு செய்தது" என்றார் குலம் அண்ணையிடம். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "பாத்தியளோ, மனிசருக்கு எவ்வளவு மரியாதை தெரிஞ்சிருக்கு. நீங்களோ றேடியோவிலை சொல்லப் போறியள்!"

சுவருக்கு வேறு நிறம் அடிப்போமா என்று அங்கிள் மெல்லக் கேட்டுப் பார்த்தார். "சுவரிலை கை வைச்சால் தெரியும்" என்றார் மணி அக்கா. முடிவில் பிரிண்டர்தான் மேலே ஏறியது. விறாந்தை மாதிரி வெளிச்சமான முன் அறையில், டிவிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது.

திரும்பும் வழியில் வோபர்னுக்குக் கிட்ட வரும்போது குலம் அண்ணை ஒரு கடைத்தொகுதி வாசலில் காரை நிறுத்தினார்.

"அந்தச் சுவர் என்ன கலர் ராணி?"

"கிளிப்பச்சை அண்ணை."

"நான் பிஸ்கட் கலர் எண்டு நினைச்சன்." ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குச் சிவப்பு, பச்சை ரெண்டும் பிரிச்சுத் தெரியாது. பிறந்ததிலை இருந்து. கறுப்பு வெள்ளைப் படக் காலத்திலை தொழிலுக்கு வந்தனான். பிறகு கலர் வந்திட்டுது. இறங்கிற இடம் தெரியேல்லை, அப்பிடியே இருந்திட்டன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அப்ப இவ்வளவு வருசமா நீங்கள் என்ன தெரியுது எண்டு கேக்கேக்கை நான் பயந்துகொண்டு நிண்டனே?"

"நான் மட்டும் பயப்பிடாமலே நிண்டனான்?"

"அந்த 'ம்…'?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது? நீர் சொன்னால்தானே எனக்குத் தெரியும். கடையிலை இருந்து வெளியிலை போன ஒவ்வொரு படத்தையும் நீர்தான் பாஸ் பண்ணினது. நான் பக்கத்திலை நிண்டனான், அவ்வளவுதான்."

கோபம் எந்த இடத்தில் சிரிப்பாக மாறிற்று என்று தெரியவில்லை. பச்சை ஐயரை நினைத்தேன், விளக்கை அந்தச் சுவருக்கே திருப்பிவிட்ட விண்ணரை நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் பல்லை முழுசாகக் கண்டது அன்றைக்குத்தான்.

சிரித்து முடிய இரண்டு கேட்டேன். இனி என்னைப் பார்த்து "ம்…" என்று சொல்லக்கூடாது. கடைப்பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லவேண்டும், பாவங்கள் பயந்து சாகுதுகள். இரண்டுக்கும் ஓம் என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அடுத்த நாள் காலை எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, "எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. இனி கலர் விசயம் எல்லாம் ராணி சொல்லுறதுதான்" என்றார். அவர் உள்ளே போனதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, இது என்ன புதுச் சோதனை?" நான் சத்தியம் பண்ணினேன். என்னையும் அவர் சோதனையில் சேர்த்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். அன்று முழுக்க முன்னரைவிட இரண்டு மடங்கு கவனமாக வேலை நடந்தது.

இதை எழுதலாமா என்று போன கிழமை அவரைக் கேட்டேன். "தாராளமா எழுதும். ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றார்.

ஆகவே மதுரா, மெஷின் தாளைத்தான் வாசிக்கும் பிள்ளை. தாளைச் சுற்றி நாலு சுவர் இருக்கும், அந்தச் சுவருக்கு நிறம் தெரிவு செய்த மணி அக்கா இருப்பார், பார்க்கிறவரும் ஒருவர் இருப்பார். அதுக்குத்தான் கண்.

அந்த விருந்துக்குக் குலம் அண்ணையையும் என்னையும் அழைத்திருந்தார்கள். அல்பம் மண்டப வாசலிலேயே ஒரு மேசையில் விரிந்திருந்தது. மொன்றியல் சம்பந்தி அம்மா தாள் தாளாகப் புரட்டி, கூறையின் நிறத்தை விரலால் தடவிப் பார்த்து, "எந்த ஸ்ரூடியோவிலை செய்தது?" என்று கேட்டார். கனகலிங்கம் அங்கிள் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போலப் பதில் சொன்னார். பிறகு குலம் அண்ணையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினார்.

"இவற்ரை கண் லேசுப்பட்ட கண் இல்லை."

"கண் என்ரை இல்லை" என்றார் குலம் அண்ணை, என்னைக் காட்டி. "இவதான் பாத்தது. எனக்குக் கலர் தெரியாது."

சம்பந்தி அம்மா உருகிவிட்டார். "எவ்வளவு தன்னடக்கம் பாருங்கோ."

சாப்பாடு முடிய மணி அக்கா ஒரு தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தார். தட்டு நிறைய மஸ்கற் அல்வா, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. மரியாதை தெரிந்த மனிதரை நேரில் கவனிக்காமல் விடுவாரா? "அண்ணை, சிவப்போ பச்சையோ?"

குலம் அண்ணை தட்டைப் பார்த்தார். "எது இனிப்போ, அது" என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மணி அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனதும் என் பக்கம் சாய்ந்தார். "ராணி, நான் எதை எடுத்தனான்?"

"வாயிலை போட்ட பிறகு என்ன கேள்வி அண்ணை? சாப்பிடுங்கோ" என்றேன்.